பட்டை மேல் கருங்கோடுகள்: தாண்டிக்குடி, கொடைக்கானல் குறிப்புகள்

திங்கள். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி

பிரியாணிக்குப் போடும் கல்பாசி ஒரு லைக்கன் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அது இலை இலையாக இருக்கும். நகத்தால் நெம்பினால் மரத்திலிருந்து கழன்று வந்துவிடும். நாங்கள் தேடிப் போவது அதற்குத் தூரத்துச் சொந்தம். இது கழலாது, வாசனை கிடையாது, சந்தையில் விலையும் கிடையாது. வழவழப்பான பட்டையில் சாம்பல் வெள்ளையாக ஒரு திட்டு, அதன் மேல் யாரோ கறுப்பு மையில் கிறுக்கிப் பார்த்த மாதிரி குட்டிக் குட்டிக் கோடுகள். மாமரத்திலும் பாக்கு மரத்திலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பேரினத்தின் பெயர் கிராஃபிஸ். பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் இந்த ரகத்தை கிரஸ்டோஸ் லைக்கன் என்பார்கள்.

கூட வருபவர்கள் இருவர். ஒருவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் சார். இன்னொருவர் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவி. எனக்கும் தாவரவியல்தான் படிப்பு, ஆனால் பிழைப்பு வேறு. பொங்கல் லீவோடு இன்னும் கொஞ்சம் லீவு சேர்த்துப் போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டேன். மூட்டை தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று சார் சொன்னது பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

வத்தலக்குண்டில் வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே பஸ் ஏறினோம். சித்தரேவு தாண்டியதும் ஏற்றம். பெரும்பாறையில் டீ குடிக்க இறங்கினால், ரோட்டோரத் தடுப்புச் சுவர் முழுக்க செங்காவி நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. துரு என்று நினைத்தேன். மாணவி விரலால் தேய்த்துக் காட்டினார். டிரென்டிபோலியா என்ற ஆல்காவாம். பச்சைப் பாசிகளின் வகைதான், ஆனால் உள்ளே கரோட்டின் நிறைய இருப்பதால் பச்சை அமுங்கி ஆரஞ்சு தெரிகிறது.

கிராஃபிஸின் உடம்புக்குள் பூஞ்சையோடு குடியிருப்பதும் இதே டிரென்டிபோலியாதான். லைக்கன் என்பது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்த கூட்டுக் குடித்தனம் என்று 1860களின் கடைசியில் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ்காரர் சொன்னபோது, அன்றைய லைக்கன் நிபுணர்களில் பலர் ஏற்கவில்லை. பின்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த நைலாண்டர் கடைசிவரை எதிர்த்தார். அதே நைலாண்டர்தான் 1866-ல் ரசாயனத் துளி விட்டு லைக்கனைப் பிரித்தறியும் முறையைக் கொண்டுவந்தவர். நாளைக்கு எங்கள் பையில் இருக்கும் சொட்டுக் குப்பி அவர் வழியாக வந்தது.

இருட்டும் நேரத்தில் தாண்டிக்குடி. காப்பிப் பழம் பறிக்கும் சீசன். அறைக்கு வெளியே களத்தில் காயப்போட்ட காப்பியின் புளித்த வாடை. தூங்கியாயிற்று.

செவ்வாய். காப்பித் தோட்டம்

காட்டுக்குள் போய் எதையும் வெட்டி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் சேகரிப்பு முழுக்கத் தனியார் தோட்டத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு. ஒருவகையில் இதுதான் வசதி. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை எல்லாம் நிற்கும். நடுவில் பழைய கமலா ஆரஞ்சு மரங்கள். பட்டை எத்தனை விதமோ அத்தனை விதமாக லைக்கனும் மாறும். சில்வர் ஓக்கின் வெடித்த பட்டையில் கிராஃபிஸ் குறைவு. ஆரஞ்சு மரத்தின் வழவழப்பான கிளைகளில் கை வைக்க இடமில்லாமல் படர்ந்திருக்கிறது. யூகலிப்டஸ் பட்டையை உரித்துப் போட்டுக்கொண்டே இருப்பதால் அதில் நிலையாகக் குடியேற முடியாது.

ஒரு திட்டைப் பத்து மடங்கு லென்ஸ் வழியாகப் பார்த்ததை விவரமாகவே எழுதுகிறேன். மொத்த வேலையும் இதில்தான் தொடங்குகிறது.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, முகத்தைப் பட்டைக்கு இரண்டு அங்குலம் வரை கொண்டுபோக வேண்டும். கறுப்புக் கோடு என்று நினைத்தது கோடு இல்லை, பிளவு. இரண்டு பக்கமும் கறுத்த உதடுகள் எழும்பி நிற்கின்றன, நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஒரு இடுக்கு. இதற்கு லிரெல்லா என்று பெயர். பூஞ்சை தன் ஸ்போர்களை, அதாவது விதை மாதிரிப் பரவும் நுண்துகள்களை, உண்டாக்கும் இடம் இந்த இடுக்குக்குள்தான். உதடுகள் கறுப்பாக இருப்பது கரி போன்ற ஒரு பொருள் சுவரில் படிவதால். சில லிரெல்லாக்கள் பட்டைக்குள் பாதி அமிழ்ந்திருக்கின்றன. சில மேலே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சிலவற்றின் விளிம்பில் லைக்கனின் வெள்ளை உடம்பு ஓரளவு ஏறி மூடியிருக்கிறது. சில உதடுகளின் மேல் திருநீறு தூவினாற்போல் மெல்லிய வெண்பொடி. சிலவற்றில் உதட்டின் நீளவாட்டில் இணைகோடுகள் ஓடுகின்றன. சுவர் ஒரு பருவம் வளர்ந்து நின்று, உள்பக்கம் மறுபடி புதுச் சுவர் எழும்பும்போது இப்படி அடுக்கு விழும். அமிழ்ந்ததா எழும்பியதா, உதடு மழுமழுவா வரியோடியதா, பொடி உண்டா இல்லையா: எல்லாவற்றையும் மாணவி நோட்டில் குறித்துக்கொண்டே போகிறார். குறிக்காமல் வெட்டினால் திட்டுவார் சார்.

நகத்தால் லேசாகச் சுரண்டினால் சாம்பல் தோலுக்குக் கீழே மஞ்சள் கலந்த பச்சை. நேற்றுச் சுவரில் பார்த்த ஆல்காவேதான், உள்ளே வந்ததும் நிறத்தை அடக்கிக்கொண்டது.

பழம் பறிப்பவர்களுக்கு நாங்கள்தான் இன்றைய வேடிக்கை. மேற்பார்வை பார்க்கும் பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"என்ன தம்பி, மரத்துக்குச் சொறி புடிச்சிருக்குன்னு பாக்குறீங்களா?"

"சொறி இல்லீங்கய்யா," என்றார் மாணவி. "அது பாட்டுக்கு மேல இருக்கு. மரத்துக்கிட்ட இருந்து ஒண்ணும் எடுக்காது."

"அப்புறம் எதத் தின்னு உசுரோட கெடக்கு?"

"வெயிலு, மழைத்தண்ணி, பனி. அவ்வளவுதான்."

"அப்ப நம்மள விடக் கெட்டிக்காரப் பயதான்."

மாணவி சொன்னது சரி. இதன் இழைகள் வெளிப்பட்டையின் செத்த அடுக்குகளுக்குள் கொஞ்சம் இறங்கும், உயிருள்ள பகுதிக்குப் போவதில்லை. மரம் நலிந்து இலை குறைந்தால் வெளிச்சம் கூடி லைக்கன் அதிகம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு லைக்கனால்தான் மரம் நலிந்தது என்று பழி போடுகிறார்கள். கத்தியால் சுரண்டிவிட்டு சுண்ணாம்பு அடிக்கும் தோட்டங்களும் உண்டு. சுரண்டுகிற காயம்தான் மரத்துக்குக் கெடுதல்.

எடுப்பது எளிது, கையில் நிதானம் வேண்டும். உளியைச் சாய்த்து வைத்து சுத்தியலால் இரண்டு தட்டு. தீப்பெட்டி அளவுக்குப் பட்டைச் சில்லு. மடித்த காகித உறையில் போட்டு, மரம், உயரம், இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி மூட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. ஈரம் அடைபட்டு ஒரே நாளில் பூசணம் பூத்துவிடும். பூஞ்சையைக் காப்பாற்ற இன்னொரு பூஞ்சையிடமிருந்து ஒளிய வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் அறையில் சொட்டுக் குப்பி வேலை. பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஒரு சொட்டு. முதல் உறையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததில் மஞ்சளாகி அப்படியே நின்றது. ஆரஞ்சு மரத்து மாதிரியில் மஞ்சள் தோன்றி, ஒரு நிமிடத்துக்குள் ரத்தச் சிவப்பாக மாறியது. லைக்கன் தானே உண்டாக்கும் நார்ஸ்டிக்டிக் அமிலமாக இருக்கலாம், சலாசினிக் அமிலமும் இப்படிச் சிவக்கும் என்று சார் உடனே கையைத் தூக்கினார். ஸ்டிக்டிக் அமிலம் என்றால் மஞ்சளோடு நின்றுவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்ததில், ஒரே ஒரு உறை மட்டும் பளீரென்று மஞ்சளாக ஒளிர்ந்தது. அது லைக்ஸாந்தோன் என்ற லைக்கன் பொருள் செய்யும் வேலை.

புதன். மழை

காலையிலிருந்து தூறல். இந்த மாதத்தில் மழையா என்று ஊர்க்காரர்களே அலுத்துக்கொண்டார்கள், களத்தில் காப்பி. வெளியே போக முடியவில்லை. கரண்ட்டும் போய்விட்டது. சார் கட்டிலில் சாய்ந்தபடி இந்தப் பேரினத்தின் கதையைச் சொன்னார். நடுவில் நான் குறுக்கிட்டதையெல்லாம் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

லின்னேயஸ் 1753-ல் எல்லா லைக்கன்களையும் 'லைக்கன்' என்ற ஒரே பேரினத்தில் போட்டார். அதில் ஒன்றுதான் ஸ்கிரிப்டஸ். பத்து வருடம் கழித்து, 1763-ல், ஆடன்சன் என்ற பிரெஞ்சுக்காரர் கிராஃபிஸ் என்ற பேரினத்தை வைத்தார். லின்னேயஸின் கடைசி மாணவர்களில் ஒருவரான அகாரியஸ் என்ற சுவீடன் மருத்துவர் லைக்கன்களைப் பல பேரினங்களாகப் பிரித்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். கோடு கோடாக இருப்பவை கிராஃபிஸுக்கு வந்து சேர்ந்தன. வெப்பமண்டல நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக மாதிரிகள் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கியதும் அந்தப் பை நிரம்பி வழிந்தது.

அப்போது வந்தவர் ஜெனீவாவில் இருந்த முல்லர். முல்லர் என்ற பெயரில் தாவரவியலாளர்கள் ஏகப்பட்ட பேர் என்பதால், சொந்த ஊர்ப்பக்கமான ஆர்காவைச் சேர்த்து 'ஆர்கோவியென்சிஸ்' என்று அழைக்கப்படுபவர். அவர் 1880-82 வாக்கில் செய்தது ரொம்ப சுலபமான ஒரு ஏற்பாடு. ஸ்போரை மட்டும் பார். நிறமில்லாமல், குறுக்குச் சுவர்கள் மட்டும் இருந்தால் கிராஃபிஸ். நிறமில்லாமல், குறுக்கும் நெடுக்கும் சுவர் எழுந்து செங்கல் கட்டு மாதிரி இருந்தால் கிராஃபினா. பழுப்பு நிறம், குறுக்குச் சுவர் மட்டும் என்றால் ஃபியோகிராஃபிஸ். பழுப்பும் செங்கல் கட்டும் சேர்ந்தால் ஃபியோகிராஃபினா. இரண்டு கேள்வி, நாலு பெட்டி. உலகம் முழுக்க நூறு வருடத்துக்கு மேல் இதை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள்.

லக்னோவில் இருந்து இந்திய லைக்கன் ஆய்வுக்கு அடித்தளம் போட்ட தரணிதர் அவஸ்தி 1991-ல் வெளியிட்ட, இந்தியா, நேபாளம், இலங்கையின் நுண் லைக்கன்களுக்கான வழிகாட்டியும் அந்த நாலு பெட்டி அமைப்பில்தான் போகிறது. அந்தப் புத்தகம் இப்போதும் மாணவியின் பையில் இருக்கிறது. பழைய நகல், முதுகு ஒட்டுப்போட்டது. பக்க ஓரங்களில் பென்சிலால் புதுப் பெயர்கள்.

புதுப் பெயர்கள் ஏன் என்றால், 2002-ல் பெட்டினா ஸ்டைகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இந்தக் குடும்பம் முழுவதையும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஸ்போரைத் தூக்கி எறியவில்லை, அதன் ஏகபோகத்தைப் பறித்தார். லிரெல்லாவின் சுவர் கரியா இல்லையா, ஸ்போர் அடுக்கில் எண்ணெய்த் துளி உண்டா, அயோடினுக்கு ஸ்போர் என்ன நிறம் காட்டுகிறது என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்தார். கறுத்த சுவர் உடைய பழைய கிராஃபினாக்களில் பல கிராஃபிஸுக்குள் வந்துவிட்டன. மற்றவை டையோரிக்மா, ஹெமிதீசியம், அகாந்தோதீசிஸ் என்று பழைய பெயர்களைத் தூசி தட்டி அங்கங்கே குடியேறின. செங்கல் கட்டு ஸ்போர் என்பது பல வம்சங்களில் தனித்தனியாகத் தோன்றிய ஒன்று. அதை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதுதான் சாரம்.

கதை அதோடு முடியவில்லை. 2009-ல் லூக்கிங், ஆர்ச்சர், ஆப்ட்ரூட் என்ற லைக்கன் ஆய்வாளர்கள் மூவரும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கிராஃபிஸ் சிற்றினங்களுக்கு உலகளாவிய வழிகாட்டி ஒன்று போட்டார்கள். இரண்டே வருடத்தில், 2011-ல், டி.என்.ஏ. பார்த்த ஒரு குழு, கிராஃபிஸ் ஒன்றல்ல, இரண்டு பேரினங்கள் என்று கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்தது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி, வம்சத்தில் தனித்தனி. அந்த இரண்டாவதற்கு 1824-லேயே செவாலியே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த அல்லோகிராஃபா என்ற பெயரை 2018-ல் முறைப்படி மீட்டுக் கொடுத்தார்கள். அல்லோகிராஃபாவில் லிரெல்லாவும் ஸ்போரும் பெரும்பாலும் பெரிசாக, முரடாக இருக்கும். பெரும்பாலும்தான். அந்தச் சொல்லில்தான் எல்லாச் சிக்கலும்.

முல்லரின் நாலு பெட்டி மேல் எனக்கு இன்னும் ஒரு பாசம் இருக்கிறது. உறவுமுறை தப்பு என்பது நிரூபணமானபிறகும், மைக்ராஸ்கோப் முன் முதல் முறை உட்காருகிறவருக்கு அந்த இரண்டு கேள்வியைப் போலக் கைகொடுப்பது எதுவும் இல்லை. சாரிடம் சொன்னேன்.

"பெட்டி நல்ல பெட்டிதாங்க. உள்ள இருக்கிறவங்கதான் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்ல," என்றார்.

கரண்ட் வந்தது. சாப்பிடப் போனோம்.

வியாழன். பண்ணைக்காடு, பெருமாள்மலை, கொடைக்கானல்

மழை விட்டது. பண்ணைக்காடு, ஊத்து வழியாகப் பெருமாள்மலை. அங்கிருந்து கொடைக்கானல் போகும் பாதையில் காட்டுமாடு ஒன்று ரோட்டை மறித்து நின்றதில் எல்லா வண்டியும் அரை மணி நேரம் நின்றது. அதற்கு அவசரம் இல்லை. ஹாரன் அடித்தவரை டிரைவர்களே சத்தம் போட்டார்கள்.

ஊருக்குள் கூட்டம் பொங்கல் முடிந்தும் குறையவில்லை. ஏரிப் பக்கமே போகாமல் சோலைக் காட்டோரமாக நடந்தோம். 2013-லிருந்து இந்தப் பகுதிக் காடுகள் வனவிலங்குச் சரணாலயம். பார்க்கலாம், தொடலாம், எடுக்கக் கூடாது. உளியும் சுத்தியலும் அறையிலேயே இருந்தன.

தாண்டிக்குடிக்கும் இங்கேயும் ஆயிரம் மீட்டர்கூட உயர வித்தியாசம் இல்லை, ஆனால் லைக்கன் கூட்டமே மாறிவிட்டது. கிளைகளிலிருந்து தாடி தாடியாக அஸ்னியா தொங்குகிறது. கல்பாசியின் உறவுக்காரர்கள் அகல இலை விரித்திருக்கிறார்கள். காட்டுப் பூவரசின் கரடுமுரடான பட்டையில் எங்கள் ஆளைக் காணோம். நாவல் வகை மரங்களின் இளங்கிளைகளில், நிழல் விழும் பக்கம் மட்டும், மெல்லிய கோடுகள். இவற்றைப் பார்த்ததும் கிராஃபிஸ் ஸ்கிரிப்டா, அதாவது லின்னேயஸின் அந்த ஸ்கிரிப்டஸ், என்று சொல்லத் தோன்றும். பழைய பட்டியல்களில் உலகம் முழுக்க அப்படித்தான் எழுதி வைத்தார்கள். உண்மையில் அது குளிர்நாட்டுப் பெயர். ஐரோப்பாவிலேயே 2011-ல் அதை நாலு சிற்றினமாகப் பிரித்தார்கள். 2015-ல் டி.என்.ஏ. பார்த்தவர்களுக்கு அதற்குள் இன்னும் அதிகக் கிளைகள் தெரிந்தன. லின்னேயஸ் பெயர் வைத்த மாதிரியின் சொந்த ஊரிலேயே அந்தப் பெயர் யாருக்கு என்பதில் இவ்வளவு பேச்சு இருக்கும்போது, கொடைக்கானலில் ஒரு கிளையைப் பார்த்து அதே பெயரைச் சொல்வது தைரியம்தான்.

மதியத்துக்கு மேல் செண்பகனூர். இங்கிருந்த இயேசு சபைக் கல்லூரியில் வாழ்ந்த ஃபோரோ பாதிரியார் பழனி மலையின் மாஸ் எனும் பாசித் தாவரங்களைத் திரட்டியதற்காகப் பேர் பெற்றவர். லைக்கன்களும் சேர்த்தார், அவற்றைப் பிரான்ஸில் ஆராய்ந்தார்கள். 1895-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தில் கூட்டம் அடைத்த விலங்குகளையும் பாம்புகளையும் பார்க்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் முதலில் பாம்பைத்தான் பார்த்தேன். ஒரு காகித உறையில் கிடக்கும் பட்டைச் சில்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் யார் நின்று பார்ப்பார்கள்?

சனி. ஆய்வுக்கூடம்

நேற்று முழுக்க இறக்கமும் பயணமும். எழுத ஒன்றும் இல்லை.

இன்று சாரின் கல்லூரி. விடுமுறை நாள், தாழ்வாரத்தில் ஆள் இல்லை. ஆரஞ்சு மரத்து மாதிரியை எடுத்துக்கொண்டு மாணவி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டேன்.

பட்டைச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீர். லிரெல்லா ஊறி இளகக் கொஞ்ச நேரம். அப்புறம் புது ஷேவிங் பிளேடு. கோட்டுக்குக் குறுக்காக, ரொட்டி நறுக்குவது போல் இல்லாமல் பிளேடை ஒரே வாக்கில் இழுக்க வேண்டும். கண் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில், கை அதன் கீழே. ஒரு லிரெல்லாவிலிருந்து ஏழெட்டுத் துண்டுகள் வந்தால் அதில் ஒன்றோ இரண்டோதான் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிசு. மாணவிக்கு அது கைப்பழக்கம். எனக்கு வந்ததெல்லாம் கரித்தூள்.

நல்ல துண்டு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் போட்டார்கள். இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று சுவர், மேலே உதடுகள் உள்நோக்கி வளைந்து கிட்டத்தட்டத் தொடுகின்றன. அடியில் கறுப்பு இல்லை, வெளிறிய மஞ்சள். அதாவது சுவர் பக்கவாட்டில் மட்டும் கரியானது; அடியும் கறுத்திருந்தால் வழிகாட்டியில் முற்றிலும் வேறு பக்கத்துக்குப் போக வேண்டும். உதட்டில் அடுக்கு எதுவும் இல்லை. நடுவில் ஸ்போர் அடுக்கு தெளிவாக, எண்ணெய்த் துளி இல்லாமல்.

லேசாக அழுத்தியதும் ஆஸ்கஸ் பைகள் பிதுங்கின. ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்போர். எண்ணெய் லென்ஸுக்கு மாற்றினார் சார். நீள்வட்ட ஸ்போர், நிறமில்லை, குறுக்குச் சுவர் மட்டும். அறைகள் சதுரமாக இல்லாமல் லென்ஸ் வடிவில் உருண்டிருக்கின்றன. இந்தக் குடும்பத்தின் முத்திரை அது. அளந்ததில் பெரும்பாலானவை 25 முதல் 35 மைக்ரோமீட்டர். ஓரத்தில் லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டதும் ஸ்போர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் கலந்த ஊதாவாக மாறிக்கொண்டே வந்தன. இதைப் படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நிறம் ஏறுவதை நேரில் பார்ப்பது வேறு.

நாலைந்து ஸ்போர் மட்டும் பழுப்பாக, சுருங்கிக் கிடந்தன. ஃபியோகிராஃபிஸா என்றேன். கிழடு தட்டியவை என்றார் சார். முற்றிச் செத்த ஸ்போர் பழுப்பாகும், அதை மட்டும் பார்த்துவிட்டுப் பேரினத்தையே மாற்றி எழுதிய மாதிரிகள் ஹெர்பேரியங்களில், அதாவது உலர்ந்த மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடங்களில், இருக்கும். நிறம் சொல்வதற்கு முன் ஆஸ்கஸுக்குள் இருக்கும் இளசைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுக் காத்திருந்தோம். திசுவின் ஓரத்தில் செந்நிற ஊசிப் படிகங்கள் கொத்துக் கொத்தாக முளைத்தன. நார்ஸ்டிக்டிக் அமிலத்தின் அடையாளம். அதோடு விடாமல் மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபியும் போட்டார்கள். லைக்கன் துணுக்கை அசிட்டோனில் ஊறவைத்து, சிலிக்கா தகட்டில் புள்ளி வைத்து, டொலுயீனும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைப்பானில் ஏற்றி, உலர்த்தி, பத்து சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் தெளித்து, 110 டிகிரி அடுப்பில் வைத்தால் புள்ளிகள் நிறம் காட்டும். எங்கள் மஞ்சள் புள்ளி, பக்கத்தில் வைத்த தெரிந்த மாதிரியின் புள்ளிக்கு நேராக நின்றது. 1970-ல் சிசிட்டா கல்பர்சனும் கிறிஸ்டின்சனும் இதை ஒரே சீரான முறையாக்கியதால்தான், திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டையையும் பிரேசில் பட்டையையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிகிறது.

ஞாயிறு. பெயர்

வழிகாட்டியில் கேள்வி கேள்வியாக இறங்கினோம். சுவர் பக்கவாட்டில் கரி, உதடு மழுமழு, குறுக்குச் சுவர் ஸ்போர், ஸ்போர் அடுக்கு தெளிவு, நார்ஸ்டிக்டிக் உண்டு. கிராஃபிஸ் கீசியெல்லா பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. இடிப்பது ஒன்றே: உதட்டின் மேல் இருக்க வேண்டிய வெண்பொடி இதில் சில லிரெல்லாவில் இருக்கிறது, சிலவற்றில் துடைத்துவிட்ட மாதிரி இல்லை. மழையில் கழுவிப்போனதா, இயல்பே அப்படியா?

"புதுசா இருந்தா?" என்று கேட்டேன். மாணவிக்கும் அந்த ஆசை கண்ணில் தெரிந்தது. சார் சிரித்தார்.

புதுசு என்று சொல்வதற்கு நடைமுறை இருக்கிறது. ஒரே ஒரு மாதிரியை மூலமாதிரி என்று குறித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். பக்கத்துச் சிற்றினங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். 2011 முடியும்வரை இதை லத்தீனில் எழுதியாக வேண்டியிருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் செல்லும். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் எண் வாங்காமல் பூஞ்சைப் பெயர் செல்லாது. லைக்கனுக்கு ஏன் பூஞ்சைப் பதிவு என்றால், சட்டப்படி லைக்கனின் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு உரியது. டிரென்டிபோலியாவுக்கு அதன் பெயர் தனி.

இதெல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற காகித வேலை. கஷ்டம் வேறு: முந்நூறு பழைய பெயர்களில் எதுவும் இதற்குப் பொருந்தாது என்று காட்ட வேண்டும். அதில் பல, நூறாண்டுக்கு முந்தைய நாலு வரி லத்தீன் விவரணையோடு, ரசாயனம் சொல்லாமல், ஐரோப்பிய ஹெர்பேரியம் ஒன்றின் உறையில் கிடக்கின்றன. எதிர்ப்பக்கமும் உண்மைதான். இந்தக் குடும்பத்தில் இன்னும் ஏராளம் பெயரில்லாமல் இருக்கிறது. 2014-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரே கட்டுரையில் 175 புதுச் சிற்றினங்களை வெளியிட்டார்கள். ஆனால் ஒரு மரத்தில் எடுத்த ஒற்றைச் சில்லில், பொடி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே காரணத்தை வைத்துப் புதுப் பெயர் வைப்பதற்கு நான் எதிரிதான். நாளைக்கு இன்னொருவர் அதைக் களைய வேண்டியிருக்கும். முல்லர் காலத்துப் பெயர்களில் பாதி வேலை அப்படிக் களைகிற வேலைதான்.

கடைசியில் உறையின் மேல் கிராஃபிஸ் என்று எழுதி, 'ஒப்பிடுக' என்பதற்கான குறியைப் போட்டு, அதன் பின் கீசியெல்லா. கீழே, வெண்பொடி சீரில்லை என்று ஒரு வரி. ஒரு துணுக்கு டி.என்.ஏ.வுக்காகத் தனியே உலர்வாக வைக்கப்பட்டது. மைட்டோகாண்ட்ரிய மரபணுப் பகுதி ஒன்றை வாசித்தால், குறைந்தபட்சம் கிராஃபிஸா அல்லோகிராஃபாவா என்பது ஐயமில்லாமல் தெரியும். லக்னோ ஹெர்பேரியத்தில் இருக்கும் அவஸ்தியின் மாதிரிகளோடு நேரில் ஒப்பிட ஏப்ரலில் மாணவி போகிறார். அதற்குமுன் அதே ஆரஞ்சு மரத்தில், மழை படாத கிளைக்கு அடிப்பக்கத்தில் இன்னும் நாலு சில்லு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் சார்.

மற்ற உறைகளில் ஃபியோகிராஃபிஸ் ஒரு கட்டு இருக்கிறது. லிரெல்லாக்கள் கூட்டமாக ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கும் சார்கோகிராஃபாவும் ஒன்று இருக்கலாம் என்கிறார்கள். அதைத் திறக்கும்போது நான் இருக்க மாட்டேன், லீவு முடிந்துவிட்டது.